லண்டனுக்குப் பாடிய சனிக்கிழமை

முழங்கால் முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவார்கள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்காது.

போன மாதம் என் கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியைக் கேட்டுக் கல்லூரிப் பையன்கள் சிலர் வந்தார்கள். எந்த மண்டபம் என்று கேட்காதீர்கள். மார்த்தாண்டத்திலிருந்து மேற்கே வருகிறவன் எவனும் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டியது. எஞ்சினியர் தூணின் கனத்தைக் குறைக்கலாம் என்றான், நான் கூட்டச் சொன்னேன். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அவன் கட்டிய சொந்த வீட்டில் போய்ப் பாருங்கள், சுவரில் பல்லி ஒளியுமளவுக்கு வெடிப்பு.

பையன்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். புயலில் செல்போன் கோபுரமெல்லாம் விழுந்துபோனால் இதை வைத்துத்தான் வெளியூரோடு பேச வேண்டுமாம், அதற்கு ஒத்திகையாம். ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பையைத் திறந்தார்கள். தூண்டில் கம்பு போல ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததை இழுத்து இழுத்து நீட்டினார்கள், தென்னை உயரத்துக்கு நின்றது. அதன் உச்சியில் ஒரு கம்பி. கீழே சோற்றுப் பாத்திரம் அளவுக்கு ஒரு பெட்டி. நான் சாயா குடித்து முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் மைக்கை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அங்கிள், ஒரு வணக்கம் சொல்லுங்க. கொழும்புல ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார்."

என் வாயில் புளிப்பு ஏறியது. புளித்துப் பொங்கி வழிந்த அக்கானியின், எங்கள் ஊர்ப் பதநீரின், மணம் அந்தச் சிமெண்டுத் தளத்தில் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கையால் மைக்கைத் தள்ளிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். பையன் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாகப் பயந்துபோனான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு மைக் என்றாலே ஆகாது. ஏன் என்று எழுதுகிறேன்.

அப்பா பனையேறி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. இப்போது சிலர் பனையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அவர்களை ஒரு நாள் ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். நெஞ்சுத்தோல் உரிந்து வந்த பிறகு யார் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எங்கள் வீடு நின்ற விளைக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் நின்றால் ஒரு பக்கம் சிதறால் மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் கடல். பாறையைச் சுற்றி நின்ற பனைகளை அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா திரிந்த கோடைக்காலம் அது. ஆறாம் வகுப்புக்கு எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் ஏறிப் போக வேண்டும். அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். மற்ற மரத்து அக்கானி வீட்டுச் செலவுக்கு. பாறையடி மரத்து அக்கானியை மட்டும் தனியாகக் காய்ச்சி, அந்தக் கருப்பட்டியைத் தனிப் பானையில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள்.

"அதுல கைய வச்சியாக்கும், வெரல ஒடிச்சிருவேன். அது ஒனக்க பள்ளிக்கூடமாக்கும்" என்பாள்.

பள்ளிக்கூடத்தை நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். புகையும் இனிப்புமாக இருக்கும்.

மரம் ஏறாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். பாளையின் நுனியைக் காலையிலும் அந்தியிலும் மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். சீவிய இடத்திலிருந்துதான் அக்கானி சொட்டும். இரண்டு மூன்று வேளை சீவாமல் விட்டால் அந்த வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்தால் அந்த வருடம் அவ்வளவுதான், தலைகீழாக நின்றாலும் சொட்டாது.

இதனால் எங்கள் சபையில் ஒரு தீராத தொல்லை இருந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்பது வெள்ளைக்காரப் போதகர்கள் காலத்திலிருந்து வந்த சட்டம். மரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? அதனால் பனையேறிகள் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் எல்லா மரத்தையும் ஓடி ஓடிச் சீவிவிட்டு, நெஞ்சில் கீறலோடு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். உபதேசியார் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்ப்பது போலப் பார்ப்பார். சபையை நடத்துகிறவர், ஆராதனைக்கு மணி அடிக்கிறவர், பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர், எல்லாம் அவர்தான். ஒருமுறை இரண்டாம் மணிக்குப் பிறகு மரத்தில் இருந்தார் என்று அப்பாவைச் சபை முன்னால் எழுப்பி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். அப்பா கேட்டார். அந்த முதுகைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உபதேசியார்தான் ஒரு அம்பாசிடர் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து எங்கள் விளைக்கு வந்தார். கூட ஒரு புரொபசர், அவரிடம் படிக்கிற இரண்டு வாலிபர்கள். புரொபசர் வெளியூர். சட்டைப் பையில் பேனாக்கள், காலில் மினுங்குகிற ஷூ. அவர் பாறையைப் பார்த்தார், பனைகளை அண்ணாந்து பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"வேய், ஒம்ம மரத்துல இவியளுக்குக் கம்பி கெட்டணுமாம். நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றார் உபதேசியார்.

"எத்தற நேரத்துக்கு?" என்றார் அப்பா.

"வெள்ளிக்கெழம கெட்டி ஞாயித்துக்கெழம அந்திக்கு அவுத்துருவாவ. வயர்லெஸ்ஸாக்கும் வேய். இங்க இருந்து பேசினா லண்டன்ல கேக்கும். நம்ம சபைக்கு ஒரு பாட்டு பாட எடம் தாறேன்னு சொல்லியிருக்காரு."

அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "அப்ப மூணு நாளும் மரம் சீவாண்டாமா?"

"ஏட்டி, ஆம்பிளைய பேசுக எடத்துல ஒனக்கு என்ன?" என்றார் அப்பா.

"அக்கானி காச்சுகதும் ஆம்பிளைய தானா?"

வாலிபர்களில் ஒருவன் சிரித்தான். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. உபதேசியார் கையை உயர்த்தி, ஜெபம் முடிக்கிற குரலில் சொன்னார்: "கர்த்தரு வாரத்துக்கு ஒரு நாளு ஓய்வு குடுத்தாரு. ஒமக்கு மூணு நாளு தாராரு. வேண்டாம்னு சொல்லாதேயும்."

அவருடைய எண்ணம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. இங்கே பாடுவது அங்கே நம் சபையை ஆரம்பித்தவர்களின் காதில் விழும், அவர்கள் மனம் உருகும், புதுக் கோபுரத்துக்கு வழி பிறக்கும். அந்தக் கோபுரத்தின் கீழே கல்லில் தன் பெயர். இதற்கெல்லாம் கீழே எங்கள் மரம்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா கடைசியாக ஒருமுறை சீவிவிட்டு இறங்கினார். உடனே வேலை தொடங்கியது. கம்பியின் நுனியில் முட்டை போல வெள்ளையாக ஒரு பீங்கான் துண்டு, அதில் கயிறு. அப்பா கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி, மட்டைக்குக் கீழே இழுத்துக் கட்டினார். இறங்கி அடுத்த மரம் ஏறினார். கிழக்கு மேற்காக ஒன்று, தெற்கு வடக்காக ஒன்று, சாய்த்து வேறொன்று. பாறையடியில் ஒரு மரம் பாக்கியில்லாமல் கம்பியோ கயிறோ சுற்றியாயிற்று. கம்பி உரசுகிறது என்று பாளையில் தொங்கிய கலயங்கள் சிலவற்றை அவிழ்த்துக் கீழே போடச் சொன்னார்கள். பாறையில் விழுந்து உடைகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் அம்மா திரும்பிப் பார்த்தாள். மற்றக் கலயங்கள் அப்படியே தொங்கின.

பிறகு ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அறைந்தார்கள். எர்த் என்றார்கள். மண் காய்ந்திருக்கக்கூடாதாம். கோடையில் பாறையடி மண் எப்படி ஈரமாக இருக்கும்? கிணற்றிலிருந்து குடம் குடமாக அம்மா சுமந்து ஊற்றினாள். கார் பேட்டரியை நான் தலையில் சுமந்து ஏறினேன். அதன் மூடியிலிருந்து கசிந்த தண்ணீர் என் காதோரம் வழிந்து எரிந்தது. இன்றும் அந்த இடத்தில் முடி சரியாக முளைப்பதில்லை. வாலிபர்கள் கையில் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா ஒரு கோழியை அறுத்தாள். வாலிபர்கள் எலும்புவரை உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டுப் பாறையிடுக்கில் எறிந்தார்கள், மூத்திரமும் அங்கேயே. புரொபசர் அடுக்குப் பாத்திரத்தில் தன் சாப்பாட்டைக் கொண்டு வந்திருந்தார். அப்பா ஓலைப் பட்டையில் அக்கானியை நீட்டியபோது ஒரு விரலை ஆட்டினார். தண்ணீர்கூடத் தன் குப்பியிலிருந்துதான். எங்கள் மரத்தில் கம்பி கட்டலாம், எங்கள் தண்ணீரை எர்த்துக்கு ஊற்றலாம். தொண்டைக்குள் மட்டும் இறங்காது.

பெட்டியை ஓலைப்பந்தலின் கீழ் வைத்து ஓட்டினார்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே குழல்கள் மங்கிய சிவப்பில் எரியும். சூடான தூசியின் மணம் வரும். நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன், அங்கிருந்து ஒருவரும் என்னைக் கிளப்ப முடியவில்லை. புரொபசர் மைக்கின் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்துவார். உடனே பெட்டியில் ஒரு சிவப்பு லைட் எரியும், பக்கத்தில் ஒரு முள் துள்ளும். அவர் பேசுவார். விட்டதும் லைட் அணையும், ஹெட்போனில் கரகரவென்று யாரோ பதில் சொல்வார்கள். எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, அரைமணி நேரத்தில் நான் பிடித்துக்கொண்டேன்: லைட் எரிந்தால் போகிறது, எரியாவிட்டால் போகவில்லை. இதே புத்திதான் பிறகு எனக்கு லாரிகளை வாங்கிக் கொடுத்தது.

அந்தியில் அப்பா அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்.

"சாரே, கொஞ்சம் நேரம் ஏறி எறங்கிக்கிடட்டா? பாளைய சீவணும்."

புரொபசர் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார். "மேலே கரண்ட் ஓடுது. தொட்டால் கரியாகிப் போவாய். போட்டி நடக்குது, தொந்தரவு பண்ணாதே."

போட்டி! உலகம் முழுக்க இப்படிப் பாறைமேலும் வயல்மேலும் பெட்டியை வைத்துக்கொண்டு யார் அதிகம் பேரோடு பேசுகிறார்கள் என்று ஒரு போட்டியாம் அது. போன மாதம் அந்தப் பையன்கள் கீழே சாப்பிட வந்தபோது கேட்டேன்: ஓடுகிற கம்பி கட்டிய மரத்தில் ஒருவன் ஏற முடியுமா? பிரியாணியை மென்றுகொண்டே ஒருவன் சொன்னான்: "பேசுறப்ப கம்பியத் தொட்டா சுடும் அங்கிள். ஆஃப் பண்ணிட்டா அது சும்மா துணி காயப்போடுற கம்பி." அதே பையன்தான் இன்னொன்றும் சொன்னான், இதில் பாட்டு அனுப்பக்கூடாது, லைசென்ஸ் போய்விடும் என்று. இலையை மடித்துவிட்டு அதற்குமேல் நான் சாப்பிடவில்லை. காலையில் கொஞ்ச நேரம், அந்தியில் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியை அணைத்திருந்தால் போதும். அணைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு சபை வந்தது. பெண்கள் வெள்ளைச் சேலை, பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய, ஆண்கள் கோடிவேட்டி. உபதேசியார் சுருதிப்பெட்டியை ஒருவன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெயிலில் பாறை காலைச் சுட்டது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, லண்டன்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. அப்பாவை முன்வரிசையில் நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்க நிறுத்திய அதே சபை.

"மரம் தந்தவரு முன்னால நிக்கட்டும்" என்றார் உபதேசியார். அப்பாவின் கழுத்து நிமிர்ந்தது.

புரொபசர் மைக்கை உபதேசியார் கையில் கொடுத்து, "இப்படிப் பிடியுங்கள், பொத்தானைத் தொட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பாடினார்கள். நான்கு குரலில், அந்தப் பாறையே அதிரும்படி. ஒரு பெண்மணி கண்ணை மூடி அழுதுகொண்டே பாடினாள். நான் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு லைட் இல்லை. முள் செத்துப்போய்க் கிடந்தது. புரொபசரின் கை எதன்மேலும் இல்லை, மேசைமேல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாலிபன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான், இன்னொருவனின் தோள் குலுங்கியது.

பாட்டு முடிந்ததும் அப்பாவின் முறை. தன் பெயர், தன் அப்பன் பெயர், ஊர், சபை எல்லாம் சொன்னார். மனப்பாடம் செய்திருந்தார். செத்த முள்ளைப் பார்த்துச் சொன்னார்.

புரொபசர் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தலையசைத்தார். "லண்டனில் நன்றாகக் கேட்டதாம். ரொம்ப சந்தோஷம் என்கிறார்கள்."

சபை ஸ்தோத்திரம் சொன்னது. நான் அப்பாவின் வேட்டியை இழுத்தேன்.

"அப்பா, செவப்பு லைட்டு எரியல்ல. ஒண்ணும் போவல்ல."

உபதேசியார் என் காதைப் பிடித்துத் திருகினார். "ஏலே, பெரிய கண்டுபிடிப்புக்காரன்! வாய மூடு." கூட்டம் சிரித்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய கலயங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நியாயம் சொல்கிறேன். பாட்டு அனுப்பக்கூடாது என்பது சட்டமென்றால் சட்டம்தான். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் மரம் கிடைக்காது. அதுதான் விஷயம். படித்த வாயிலிருந்து அவ்வளவு சுலபமாகப் பொய் வழுக்கி வருவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். என்னிடம் சம்பளம் வாங்குகிற படித்தவர்களும் உண்டு, அவர்களிடம் எதையும் இரண்டு முறை கேட்பேன்.

அன்று அந்தியில் அம்மா அரிவாள் பெட்டியை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"இப்பம் ஏறினாலும் பாதி மரம் பொழைக்கும். போங்க. அவன் பெட்டிய அணைக்கச் சொல்லுங்க."

"வாக்குக் குடுத்தாச்சு."

"பாட்டுதான் பாடியாச்சுல்லா? பின்ன என்ன வாக்கு? புள்ள சொல்லுகத கேட்டியளா இல்லியா? ஒண்ணும் போவல்லன்னு சொல்லுகான்."

"சின்னப் பய என்னத்த கண்டான்."

"கம்பிய அறுத்துப் போடுங்க! அந்த மரம் ஆருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் அப்படிக் கிறீச்சிட்டு நான் கேட்டதில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாயாக்கடைக்குப் போனார். அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள், லண்டனில் என்ன சொன்னார்கள் என்று கேட்க.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் அப்பாவைப் பற்றியே பிரசங்கம் செய்தார். தன் பிழைப்பை நிறுத்திச் சபையை உயர்த்தியவராம். அந்தியில் கார்க்காரர்கள் மரமேற நேரமில்லாமல் கயிற்றைக் கீழேயே அறுத்துக் கம்பியை உருவிக்கொண்டு போனார்கள். போட்டியில் ஜெயித்தார்களா என்று தெரியாது, தோற்றிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

திங்கள் காலை அப்பா ஏறினார். கலயங்களில் அக்கானி நுரைத்துப் பொங்கி வழிந்து, பாளையெல்லாம் பிசுபிசுத்து, செத்த தேனீயும் வண்டும் மிதந்தன. ஒன்றில் ஒரு அணில் ஊதிக் கிடந்தது. அப்பா கவிழ்க்கக் கவிழ்க்க அது பாறையில் ஒழுகி, வெயில் ஏறியதும் ஊர் முழுக்க நாறியது. பாளைகளின் வாய் கறுத்துக் கட்டையாகியிருந்தது. அப்பா சீவினார், மேலும் சீவினார், ஒரு மரத்தில் பாளையைப் பாதிவரை அரிந்துவிட்டார். ஒரு சொட்டு இல்லை. அம்மா கீழே நின்று ஒவ்வொரு மரத்துக்கும் "உண்டுமா?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள்.

இன்னும் கேளுங்கள். மத்தியானம் உபதேசியார் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார்.

"என்ன வேய் இது? ஓய்வுநாளு முழுக்க ஒம்ம மரத்துல கள்ளு பொங்கியிருக்கு! நாத்தம் கோயில் வர அடிக்கி. சபைல நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

நீங்கள் நம்பமாட்டீர்கள், அப்பா மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். இந்த முறை நான் முதுகைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தேன்.

பரணில் இருந்த பானை பாதிகூட நிறையவில்லை. அம்மா அதை இறக்கி வீட்டுச் செலவுக்கு உடைத்தாள். ஜூன் மாதம் என்னோடு படித்தவர்கள் புது நிக்கர் போட்டு பஸ் ஏறினார்கள். நான் ரோட்டோரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அப்பா பாறையடிக்கு வரச் சொன்னார். அக்கானி இல்லாத மரத்தில் ஓலையாவது வெட்டலாம் என்று. காலில் மாட்டி ஏறுகிற தளைநாரை என் கையில் தந்தார்.

"இனி நீயும் ஏறப் படிச்சுக்கிட வேண்டியதுதான் மக்கா."

எனக்குள் அடைத்துக் கிடந்தது வெளியே வந்தது. "அண்ணைக்கு லைட்டு எரியல்லன்னு நான் சொன்னேனே. நீங்க கேக்கல்ல."

அப்பா இடுப்புக் கச்சையை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"எனக்கும் தெரியும்ல. காலம்பற அவன் பேசச்செல்லாம் எரிஞ்சுது. நம்ம பாடச்ச எரியல்ல. எனக்கும் கண்ணு இருக்குல்லா?"

"பின்ன ஏன் சொல்லல்ல? அண்ணைக்கு அந்தியில ஏறியிருக்கலாமே?"

"சபை முழுக்க வெள்ளையும் சள்ளையுமா நின்னு பாடுகு. என்னைய முன்னால நிறுத்தியிருக்காவ. அப்பம் நான் மரத்துல ஏறினா, எல்லாம் பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆகாதா? எப்படிடே சொல்லது?"

அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். மற்றவர்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றுகிறவர்கள், எங்கேயும் இருப்பார்கள். ஏமாறியதைத் தெரிந்துகொண்டே, முன்வரிசை பறிபோகுமே என்று என் பள்ளிக்கூடத்தைக் காயவிட்டவரை என்ன செய்வது? இன்று எனக்கு அவர் அன்றைக்கு இருந்ததைவிட இரட்டிப்பு வயது. இவ்வளவு சம்பாதித்தும், இத்தனை பேரை மேய்த்தும், அந்த இடத்தில் எனக்கு மனம் இளகவில்லை. இளகும் என்று யாராவது சொன்னால் அவர்களைத்தான் சந்தேகப்படுவேன்.

அப்பா மரத்தில் ஏறினார். பாதி உயரத்தில் இருக்கும்போது, ரோட்டில் சைக்கிளில் போன ஒரு அடுத்த ஊர்க்காரர் காலை ஊன்றி நின்று கூப்பிட்டார்.

"வேய்! லண்டன்ல பேசினது நீருதானா?"

மரத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அப்பா திரும்பினார். கழுத்து அன்று நிமிர்ந்தது போலவே நிமிர்ந்தது.

"ஆமா வேய்! பேசின ஒடனே கேட்டுப்போச்சுல்லா! ரொம்ப சந்தோஷம்னு அவியளே சொன்னாவ!"

நான் தளைநாரை மரத்தடியில் போட்டுவிட்டு, அதன்மேல் காறித் துப்பிவிட்டு, மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்து நடந்தேன்.